மேல்மாடிக்கு விட்ட கம்பிகள்

தம்பிமாரே, கலவை எப்படிப் போடுவது, மட்டம் எப்படிப் பார்ப்பது என்றெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. என் முழங்கால் ஓய்வு கேட்ட பிறகு நீங்கள் கட்டிய வீடுகளைப் போய்ப் பார்த்திருக்கிறேன். இரண்டொன்றைத் தவிர எல்லாம் நேராகத்தான் நிற்கின்றன. அந்த இரண்டும் யாருடைய வேலை என்று இங்கே சொல்ல மாட்டேன். செய்தவர்களுக்கே தெரியும்.

நான் பேச வந்தது வேறு விஷயம். அண்மையில் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் வேலை நடக்கும் இடத்துக்குப் போயிருந்தேன். உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், குளியலறைக்கு டைல் ஒட்டிக்கொண்டிருந்தார். அவருடைய வீட்டில் பாதியை அந்தக் குளியலறைக்குள் வைத்துவிடலாம். தேத்தண்ணி குடிக்கும்போது அவர் சொன்னார்: "எவ்வளவு காசு குடுத்து இஞ்ச வந்து படுத்தாலும் சந்தோசத்த வாங்க ஏலா பாஸ். அது மனசுக்குள்ள இரிந்துதான் வரணும்."

சுற்றியிருந்த எல்லோரும் ஓம், ஓம் என்று தலையாட்டினார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பாஸுக்கு என்ன நடந்தது என்று அவர் இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருப்பார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை உங்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

கடல் பொங்கி வந்து போன பிறகு, வீடிழந்த ஆட்களுக்கு நாங்கள் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள் கட்டினோம். ஒரு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி, அவ்வளவுதான். புருசனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு இரண்டு பெண் பிள்ளைகளோடு கூடாரத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு வீட்டுத் திறப்பைக் கொடுக்கிற வேலை எனக்கு வந்தது. அவள் திறப்பை வாங்கினாள், பிள்ளைகளை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள், கதவைச் சாத்திப் பூட்டினாள். பிறகு திறந்தாள். மறுபடியும் பூட்டினாள். நான் வெளியே நின்று பார்த்தேன், பூட்டுத்தான் சிக்குகிறதாக்கும் என்று நினைத்தேன்.

"என்ன தங்கச்சி, பூட்டு இறுக்கமா இரிக்கா?"

"இல்லண்ணன்," என்று உள்ளேயிருந்து சொன்னாள். "பூட்டுது."

கதவைத் திறந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். கூடாரத்துக்குப் பூட்டு இல்லை. அந்த மாதங்களில் அவள் ஒரு இரவாவது அசந்து தூங்கியிருக்க மாட்டாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுடைய சந்தோஷம் மனசுக்குள்ளிருந்து வரவில்லை, கடையிலிருந்து வந்தது. எங்கேயோ இருக்கிற யாரோ கொடுத்த காசில், நாங்கள் வாங்கி வந்து பூட்டிய பூட்டு அது. அவளிடம் போய் சந்தோஷத்தை வாங்க முடியாது என்று சொல்கிற துணிச்சல் எனக்கு இல்லை. அந்தப் பேச்சுக்குத் தலையாட்டுகிறவர்கள் எல்லோரும் இரவில் கதவைப் பூட்டிக்கொண்டுதான் படுக்கிறார்கள்.

அப்படியானால் காசைக் கொடுத்தால் சந்தோஷம் வந்துவிடும் என்கிறீர்களா பாஸ் என்று கேட்பீர்கள். அதற்கும் எனக்கு ஒரு வீடு தெரியும். குருக்கள்மடத்துப் பக்கம், வாவியைப் பார்த்த வளவில் நிற்கிறது. அதைக் கட்டியவன் நான்தான்.

அந்த வீட்டைச் சொல்வதற்கு முதல் எனக்கு மேசன் தொழில் பழக்கிய பெரிய பாஸைப் பற்றி ஒரு வார்த்தை. மனிதர் மகா முசுடு. வீடு கட்ட வேண்டும் என்று யார் வந்தாலும் எத்தனை அறை என்று கேட்க மாட்டார். "ஆர் எங்க படுக்கப் போறீங்க?" என்றுதான் கேட்பார். வந்தவர்கள் வெட்கப்படுவார்கள், சிரிப்பார்கள். பதில் வரும்வரை அவர் அளவு நாடாவை எடுக்க மாட்டார். அவருக்கு வாய்க்கொழுப்பு என்றுதான் அப்போது நினைத்தேன்.

இனி தவமணியின் வீட்டுக்கு வருவோம். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்பிள்ளைக்கு. தாய் தகப்பன் மகளுக்கென்று வீடு கட்டுவார்கள். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார், பெற்றவர்கள் அதே வளவில் பின்னால் ஒரு சின்ன அறையைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். தவமணிக்கு ஒரே மகள், லோஜினி. புருசன் வாவியில் இறால் பிடிக்கிறவர், நல்ல மனிதர், இரண்டு சொல்லுக்கு மேல் பேச மாட்டார். இறால் காசில் வீடு எழும்பாது என்று கண்டதும் தவமணி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். மகளுக்கு அப்போது பால்பல் விழுந்துகொண்டிருந்த வயது.

தவமணிக்கு இதில் ஒரு வைராக்கியம் இருந்தது. அவள் கல்யாணத்தின்போது அவளுடைய தாயால் கொடுக்க முடிந்தது ஒரு ஓலைக் குடில்தான். மாப்பிள்ளையின் தாய் அதற்குள் கால் வைக்கவில்லை. வெளியே மாமர நிழலில் கதிரை போடச் சொல்லி அதிலேயே இருந்தாள், ஒரு மிடறு தண்ணி குடிக்கவில்லை, அப்படியே எழுந்து போய்விட்டாள். சாகும்வரை அந்த மனுஷி அந்த வளவுக்குத் திரும்பி வரவும் இல்லை. அத்திவாரம் போட்ட அன்றைக்கு தவமணி தொலைபேசியில் இதைச் சொல்லித்தான் அழுதாள். "என்ட புள்ளைக்கு அப்பிடி ஒரு நாள் வரப்படா அண்ணன்," என்றாள்.

வீடு எழும்பியது. ஒவ்வொரு தவணையாகக் காசு வரும், நாங்கள் ஒவ்வொரு துண்டாகக் கட்டுவோம். சுவர், கூரைக்குப் பதிலாகக் கொங்கிரீட் தட்டு, பிறகு நிலத்துக்கு டைல், பிறகு முன்பக்கத்துக்குத் தூண்கள். அவளுடைய ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முடியும். ஒவ்வொரு முறையும் வீட்டில் ஏதாவது ஒன்று மீதி இருக்கும், அவள் மறுபடியும் கையெழுத்து வைப்பாள். இடையில் லீவில் வந்து நின்ற நாட்களில் மகள் அவளோடு ஒட்டாமல் தகப்பனின் பின்னாலேயே திரிந்தாள் என்று கேள்விப்பட்டேன்.

கொங்கிரீட் தட்டுப் போடும்போது நாம் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். தூண் கம்பிகளை வெட்டாமல் மேலே நீட்டி விட்டேன். பிறகொரு நாள் காசு வந்தால் மாடி எடுக்கலாமே என்று விடுகிற கம்பிகள். துருப் பிடிக்காமல் சீமெந்துப் பால் பூசி வைத்தேன். வெளியே படியும் கட்டியாகிவிட்டது. கல்முனை வீதியால் போனால் இப்படிக் கம்பி நீட்டி நிற்கிற வீடுகள் எத்தனை என்று பாருங்கள். நமக்கு அது ஒரு வழக்கம், கட்டுகிறவர்களும் விரும்பிக் கேட்பார்கள்.

லோஜினிக்குக் கல்யாண வயது வந்தது. தவமணியின் ஒப்பந்தம் முடிய இருந்தது. எல்லோரும் இனி அவள் வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தோம். அப்போது எனக்கு அழைப்பு வந்தது. "அண்ணன், மாடி எடுத்திருவம். இன்னும் ரெண்டு வருசம் நிண்டா முடிச்சிரலாம். அத்திவாரம் தாங்குமா எண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்க. மேடத்துக்கு வெள்ளிக்கிழமை பதில் சொல்லணும்."

பார்க்க என்ன இருக்கிறது? நான் போட்ட அத்திவாரம், எனக்குத் தெரியாதா? ஆனாலும் வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அதற்கு முந்தின நாள் பின்னேரம் லோஜினி என் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி தேத்தண்ணி கொடுத்தாள், குடிக்கவில்லை. வாசல் படலையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"மாமா, அத்திவாரம் தாங்காதெண்டு சொல்லுங்க."

"என்ன புள்ள சொல்லுற?"

"நீங்க சொன்னா அம்மா நம்புவா. தாங்காதெண்டா வந்திருவா. தாங்குமெண்டா ரெண்டு வருசம்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "எனக்குக் கல்யாணம் முடிஞ்சா மறுகா நான் மாப்பிளைட ஆள். அதுக்கு முதல் கொஞ்ச நாளாவது அவவோட ஒரு வீட்டுக்குள்ள இரிக்கணும் மாமா. எனக்கு அவ என்ன சாப்பிடுவா எண்டுகூடத் தெரியா."

இருட்டுமுன் வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டேன். அன்று இரவு முழுக்க எனக்குள் ஒரே அடிபாடு. ஒரு பொய்யில் ஒரு தாய் வீட்டுக்கு வந்துவிடுவாள், சொன்னால் என்ன? ஆனால் தம்பிமாரே, பாஸ் சொல்கிற சொல் வளவுக்குள் நிற்காது. அத்திவாரம் சரியில்லை என்று நான் ஒரு வாய் சொன்னால் அடுத்த சந்தை நாளில் ஊருக்கே தெரியும். சீதன வீட்டுக்கு அத்திவாரம் பிழையாம் என்று மாப்பிள்ளை கேட்டு வருகிறவர்களின் காதில் விழும். அவள் அத்தனை வருடம் அடுத்தவர் வீட்டுப் பாத்திரம் கழுவிக் கட்டிய வீட்டை நானே இடித்ததற்குச் சமம். என் பெயரும் கெடும், அதை மறைக்க மாட்டேன், அதுவும் மனதில் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அங்கே மேடம் நேரம் கழித்துத்தான் எழும்புவாள் என்பதால் அந்த நேரத்தில் தவமணி பேசுவாள். நான் தொலைபேசியோடு கொங்கிரீட் தட்டுக்கு ஏறினேன். புருசனும் ஏறி வந்து ஒரு ஓரமாகக் குந்தினார். லோஜினி படியில் நின்றாள், மேலே வரவில்லை. திரையில் தவமணியின் முகம் தெரிந்தது, பின்னால் ஒரு பெரிய குசினி.

"கம்பியெல்லாம் நல்லா இரிக்கா அண்ணன்? காட்டுங்க பாப்பம்."

காட்டினேன். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். என்னை அறியாமல் என் பெரிய பாஸின் கேள்வி வாயில் வந்தது.

"தங்கச்சி, மாடி எடுத்தா மேல ஆர் படுக்கிற?"

"மகளும் மாப்பிளையும்."

"கீழ?"

"வாற போற ஆக்கள் இரிப்பாங்கதானே."

"நீயும் இவரும்?"

"எங்களுக்குப் பொறத்தால ஒரு அறை போதும் அண்ணன். அதுதானே வழக்கம்."

"அப்ப கீழ ஆருமே இல்ல."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அதெல்லாம் மறுகா பாப்பம். தாங்குமா, தாங்காதா? அதச் சொல்லுங்க."

நான் சொன்னேன். "தாங்கும். ஒரு மாடியென்ன, ரெண்டு மாடி தாங்கும். ஆனா இதையும் கேள். நேத்து உன்ட மகள் என்ட வீட்ட வந்தவள். தாங்காதெண்டு உன்னட்டச் சொல்லச் சொல்லிக் கேட்டவள். அப்ப நீ வந்திருவாயாம்."

திருட்டைக் காட்டிக்கொடுத்ததுபோல படியில் நின்ற பிள்ளை என்னைப் பார்த்தாள். தவமணி ஏசப் போகிறாள், மகளையோ என்னையோ, என்று காத்திருந்தேன்.

"சொல்லியிரிக்கலாமே அண்ணன்," என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"ஏலாதெண்டு சொல்லியிரிக்கலாமே. நானும் நம்பியிரிப்பன். வந்திரிப்பன். இனி ஏலுமெண்டு தெரிஞ்ச பொறகு நான் எப்பிடி வாற?" முகத்தைத் துடைத்தாள். "ஒவ்வொரு முறையும் எக்ரிமென்ட் முடியக்குள்ள இனிக் காணும் எண்டுதான் நினைப்பன். மறுகா படுக்கப் போகக்குள்ள நீங்க அனுப்பின வீட்டுப் படத்தப் பாப்பன். கம்பி நிக்கும்."

தம்பிமாரே, என் தொழிலில் மழைக்கு நடுவே கொங்கிரீட் போட்டிருக்கிறேன், சாரம் சரிந்து ஆள் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு முன்னால் நின்றதுபோல நான் எங்கும் நின்றதில்லை. பொய் சொல்லவில்லை என்று அந்த நிமிடம்வரை எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையால் அவளுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. போதும் என்பதை அவள் மனசுக்குள் எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள். அந்தப் 'போதும்' உள்ளேயிருந்து வந்துகொண்டுதான் இருந்தது. வெளியே நின்ற கம்பி அதை நிற்க விடவில்லை. அந்தக் கம்பியை விட்டவன் நான்.

"தங்கச்சி," என்றேன், "வெட்டட்டா?"

"என்னத்த?"

"கம்பிய. தட்டோட தட்டா வெட்டி விட்டன் எண்டா மேல ஒண்டும் எடுக்க ஏலா. நீ வெட்டு எண்டு சொல்லு. சொன்னாத்தான் வெட்டுவன்."

இதைக் கேட்டு உங்களில் படித்த பிள்ளைகள் சிரிப்பீர்கள். துளைபோட்டு ஒட்டு மருந்து வைத்துப் புதுக் கம்பி நடலாமே பாஸ் என்பீர்கள். எனக்கும் தெரியும். அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

அந்தப் பக்கம் யாரோ அரபியில் கூப்பிட்டார்கள். தவமணி திரும்பிப் பார்த்தாள், ஆனால் நகரவில்லை. "மகள் அவடத்த நிக்காளா?" என்றாள். லோஜினி மேலே ஏறி வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"உனக்கு மாடி வேணாமா புள்ள? மாப்பிள வீட்டாக்கள் வந்து அண்ணாந்து பாப்பாங்க."

"பாக்கட்டும்மா. நீங்க வாங்க."

மறுபடியும் அந்தப் பக்கத்துக் குரல், இந்த முறை சத்தமாக. தவமணி தொலைபேசியைத் திருப்பிவிட்டாள் போலிருந்தது. அந்தக் குசினியின் வெள்ளைக் கூரை மட்டும் எங்களுக்குத் தெரிந்தது. நெடுநேரம் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு குரல் மட்டும் வந்தது.

"வெட்டுங்க அண்ணன். நான் பாக்கணும். மகள போனைப் பிடிச்சிக்கொண்டு நிக்கச் சொல்லுங்க."

புருசன் கீழே போய் வயரை இழுத்து வந்தார். லோஜினி தொலைபேசியைப் பிடித்தாள். நானே கிரைண்டரை எடுத்தேன், வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. நான் கட்டி நிறுத்திய கம்பியை நானே வெட்டியது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். பொறி பறந்தது. முதல் தூணின் கடைசிக் கம்பி விழுந்தபோது திரையைப் பார்த்தேன். அவள் தொலைபேசியை எதிலோ சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். செத்த வீட்டில் நிற்கிறவளைப்போலத்தான் நின்றாள். அடுத்த தூணுக்குப் போகும்போது இணைப்பு அறுந்துவிட்டது. மீதியை அவள் பார்க்கவில்லை.

வெட்டிய துண்டுகளைப் புருசன் ஒன்றுவிடாமல் பொறுக்கினார். வலை காயப்போடுகிற இடத்தில் முளை அடிக்க உதவும் என்றார். அன்றைக்கு அவர் பேசியது அது ஒன்றுதான்.

தவமணி வந்தாள். அதோடு எல்லாம் சுபம் என்று நினைக்காதீர்கள். முதல் நாள் இரவு தன் சொந்த வீட்டில் லைட் சுவிட்ச் எங்கே என்று சுவரைத் தடவினாளாம். மகள் போட்டுக் காட்டினாளாம். விடியுமுன் எழுந்து யாரும் கேட்காமல் வீட்டைக் கழுவுவாள். பகலில் கண்ணயர்ந்தவளை மகள் தொட்டு எழுப்பினால் திடுக்கிட்டு "எஸ் மேடம்" என்று எழும்புவாள். உப்புக் கூட, புளி குறைய என்று தாய்க்கும் மகளுக்கும் தினமும் சண்டை. முதலில் பெண் பார்க்க வந்த வீட்டார் தவமணி பயந்ததைப்போலவே அண்ணாந்து பார்த்தார்கள், மாடி எடுக்கவில்லையா என்று கேட்டார்கள், பிறகு பதில் சொல்லி அனுப்பவே இல்லை. அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் தவமணி என்னைக் களுவாஞ்சிகுடிச் சந்தையில் கண்டால் மரக்கறியைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொள்வாள். எனக்கு நெஞ்சு நொந்தது. குற்றம் சொல்லவும் முடியவில்லை.

அடுத்த சம்பந்தம் பொருந்தியது. பஸ் ஓட்டுகிற பையன், தங்கமான பிள்ளை. கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். கூட்டத்துக்குள் தவமணி என்னைத் தேடிக்கொண்டு வந்து கையைப் பிடித்தாள்.

"சம்பந்தி உள்ள வந்தவ அண்ணன்," என்றாள். "கதிரையில இரிந்து தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சவ."

அந்த ஒரு கோப்பைத் தண்ணிக்காகத்தான் அத்தனை வருடம் குவைத்தில் நின்றாள். அந்தச் சந்தோஷத்தை அவள் காசு கொடுத்துத்தான் வாங்கினாள். அதையும் யாரும் பொய்யென்று சொல்லக் கூடாது. அடுத்த கிழமை வழக்கப்படி அவளும் புருசனும் பின்னால் போட்ட அறைக்குப் போனார்கள். ஆனால் குசினி ஒன்றுதான், அதைப் பிரிக்கவில்லை. உப்புச் சண்டை இன்னும் நடக்கிறது.

நான் கடைசியாகச் செய்த வேலை அந்த வீட்டில்தான். வெட்டிய கம்பி முனைகள் துருவேறி, தட்டு அங்கங்கே வெடித்து, கீழே கசியத் தொடங்கியிருந்தது. மாரி தொடங்குவதற்கு முதல் அடைத்துவிடலாம் என்று போனேன். தட்டில் குந்தியிருந்து துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது தவமணி தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவளும் ஒரு பக்கம் இருந்தாள். வாவிக்கு அந்தப் பக்கம் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"இப்ப சந்தோசமா தங்கச்சி?" என்று கேட்டேன். கேட்கக் கூடாத கேள்விதான். கிழவனுக்கு வாய் சும்மா இருக்காது.

அவள் கம்பி முனையொன்றை விரலால் தடவினாள். "சில நாளையில பின்னேரம் இஞ்ச ஏறி வந்து நிப்பன் அண்ணன். கட்டியிரிக்கலாமே எண்டு வரும். இன்னும் ரெண்டு வருசந்தானே, நிண்டிரிக்கலாமே எண்டு வரும். நெஞ்சு எரியும்."

"அப்ப என்ன செய்வ?"

"ஒண்டும் செய்ய மாட்டன். நிப்பன்."

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்போது கீழேயிருந்து லோஜினியின் குரல் வந்தது.

"அம்மா! மேல என்ன செய்யிறீங்க? இஞ்ச கொஞ்சம் வாங்களன்!"

"இந்தா வாறன்," என்று தவமணி எழுந்தாள். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் படியால் இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் மீதிக் கம்பி முனைகளுக்குச் சீமெந்து பூசினேன்.